படி இறங்கும்போது மட்டும் முட்டி வலி. ஓட்டத்தை விடாம சரி பண்ண முடியுமா?

மந்தைவெளி_ஓட்டம் | செப்டம்பர் 7, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்குங்க.

வயசு 43. ராயப்பேட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்குப் பிரிவுல வேலை. வீடு மந்தைவெளி, ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட். நாலு வருஷம் முன்னாடி சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு ரிப்போர்ட் வந்தப்ப நடக்க ஆரம்பிச்சேன். நாகேஸ்வரராவ் பூங்காவுல மூணு சுத்து நடந்துட்டு, நாலாவது சுத்துக்குப் பதிலா வெளியில இட்லி சாப்பிட்டுட்டு வந்தவ நான். அங்கேயிருந்து எப்படியோ ஓட்டத்துக்கு வந்து சேர்ந்துட்டேன். இப்ப விடிகாலை அஞ்சு மணிக்கு மெரினா கலங்கரை விளக்கத்துல ஆரம்பிச்சு உழைப்பாளர் சிலை வரைக்கும் போய்த் திரும்புறது வழக்கம். போன ஜனவரியில 10 கிலோமீட்டர், 1 மணி 19 நிமிஷம். அந்த மெடலை என் மாமியார் பூஜை அறையில முருகன் படத்துக்கு மாட்டிட்டாங்க. எடுக்கவும் விட மாட்டேங்கறாங்க.

வர்ற ஜனவரியில 21 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்தாச்சு. பணமும் கட்டியாச்சு. அதனாலதான் இந்தப் பதற்றம்.

வலி வலது முட்டியில. படி ஏறும்போது பெருசா ஒண்ணும் இல்லை. இறங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னாடி, அம்மியில மிளகாய் விதை அரைபடுற மாதிரி ஒரு நறநற. ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்துட்டு எழுந்தா முதல் நாலு அடி நொண்டி. ஓடும்போது முதல் கிலோமீட்டர் வலிக்கும், அப்புறம் மறந்துபோகும், நாலாவது கிலோமீட்டர்ல திரும்ப வந்து நிக்கும். வீக்கம் இல்லை. கால் பாதியில பூட்டிக்கிறது, மடங்கி விழறது எதுவும் இல்லை.

எப்ப ஆரம்பிச்சதுன்னா, ஆடி மாசம் திருப்பதி போனோம். அலிபிரி வழியா 3,550 படி. வேண்டுதல் ஏறுறதுக்கு மட்டும்தான். தரிசனம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்ன கூட்டத்தைப் பார்த்துட்டு, "இறங்குறதுதானே, வா"ன்னு பொண்ணைக் கூட்டிக்கிட்டு நடந்தே இறங்கிட்டேன். அவளுக்கு 16, ஒண்ணும் ஆகலை. எனக்கு மூணாம் நாள் ஆரம்பிச்சது, இன்னும் நிக்கலை.

ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு. ஓட்டம் எதுக்கும்மா இந்த வயசுல? வாக்கிங் போதும்"னார். முட்டியைத் தொடவே இல்லை. பத்து நாளைக்கு வலி மாத்திரை. சாப்பிட்டவரைக்கும் சுகம்.

அப்புறம் ஜிம். மாஸ்டர் தங்கமான பையன், குறை சொல்ல மனசு வரலை. "தொடை வீக் மேடம்"னு லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின்ல உட்கார வெச்சு 30 கிலோ போட்டு, காலை முழுசா நீட்டி நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலையில கீழே உட்கார முடியாம கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஷூ மாத்தினேன், 9,000 ரூபாய். நீ-கேப் வாங்கினேன். மாமியார் வாராவாரம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வைக்கிறாங்க. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இதமா இருக்கு, எதுவும் சரியாக்கலை.

"நிறுத்திடுங்க"ங்கற பதில் எனக்கு வீட்டுல, ஆபீஸ்ல, டாக்டர்கிட்ட எல்லா இடத்துலயும் இலவசமா கிடைக்குது. நிறுத்தாம இதைக் கடந்து வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.


பாக்ஸ்_பெரம்பூர் | செப்டம்பர் 7, இரவு 10.15

அக்கா, முருகருக்கு மெடல் போட்ட மேட்டர் செம. எனக்கும் முட்டி அப்பப்ப மக்கர் பண்ணும், ஸ்ப்ரே அடிச்சிட்டு எறங்கிருவேன். எவனாவது தெரிஞ்சவங்க பதில் போடுங்கப்பா, நானும் பாத்துக்கறேன்.


பழைய_ராக்கெட் | செப்டம்பர் 8, காலை 6.05

அம்மா, எனக்கு வயது 63. நுங்கம்பாக்கம். நாற்பது வருடமாக ஷட்டில் ஆடுகிறேன், அதனால் பதில் சொல்ல ஒரு சின்ன உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 51 வயதில் இதே வார்த்தையைச் சொன்னார்கள். தேய்மானம், விட்டுவிடுங்கள். விட்டுவிட்டேன். இரண்டு வருடம் ராக்கெட்டைத் தொடவில்லை. முட்டி சரியாகிவிட்டதா? இல்லை. ஒரு கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் தொடையில் தொளதொளவென்று ஆனதுதான் மிச்சம். ஒரு நாள் தையல்காரர் இஞ்சு டேப்பை வைத்து அளந்துவிட்டு, "சார், வலது தொடை இடதைவிட ஒரு இஞ்ச் கம்மி" என்றார். டாக்டர் கண்டுபிடிக்காததை டெய்லர் கண்டுபிடித்தார். வலிக்குப் பயந்து அந்தக் காலில் பாரம் போடாமலே இருந்திருக்கிறேன். தசை கரைந்துபோய், முன்னைவிட மாடிப்படி கஷ்டமானது.

பிறகு மெதுவாகத் தொடையைத் தேற்றிக்கொண்டு திரும்ப ஆட வந்தேன். இப்போது வாரம் மூன்று நாள், இரட்டையர் மட்டும். சிமெண்ட் தரை கோர்ட்டை விட்டுவிட்டு மரத்தரை இருக்கும் இடத்துக்கு மாறினேன். வலைக்கு அருகே தாவி எடுக்கிற பந்தை எதிராளிக்குத் தானம் செய்துவிடுகிறேன்.

ஒரு பழைய கதை. 2008 ஜனவரி, சென்னை ஓப்பன் டென்னிஸ். நடாலும் மோயாவும் அரையிறுதியில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆடினார்கள், எங்கள் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில். உட்கார்ந்து பார்த்த எனக்கே கால் மரத்துப்போனது. ஜெயித்த நடால் மறுநாள் இறுதியாட்டத்தில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். காலில் ஒன்றுமே மிச்சம் இல்லை. அடுத்த வருடம் இரண்டு முட்டியிலும் வலி வந்து 2009 விம்பிள்டன் பட்டத்தைக் காக்கவே வரவில்லை. 2010-ல் வந்தார், ஜெயித்தார். அவர் சில்லுக்குக் கீழே கட்டுகிற பட்டையைப் பார்த்து எங்கள் கிளப்பில் பாதிப் பேர் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவருடைய வலி சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில். உங்களுக்குப் பின்னால் என்கிறீர்கள். எனவே பட்டையை வாங்கிவிடாதீர்கள், ஏற்கனவே 9,000 போயிருக்கிறது.


போரூர்_பிசியோ | செப்டம்பர் 8, மதியம் 1.30

மேடம், நான் பிசியோதெரபிஸ்ட், 14 வருஷ அனுபவம். தொட்டுப் பார்க்காம இதுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க எழுதினதுல பாதி விஷயம் இருக்கு. மீதிக்கு மூணு கேள்வி.

ஒண்ணு, ஒரே ஒரு விரலால வலி எங்கேன்னு காட்டுங்க. காட்ட முடியுதா, இல்லை உள்ளங்கையால சில்லு முழுக்கத் தடவித்தான் காட்ட வருதா? சில்லோட கீழ் முனையில ஒரு புள்ளியா காட்டினா அது பெரியவர் சொன்ன தசைநார். வெளிப்பக்கம் ஓரமா காட்டினா இடுப்புலேர்ந்து வர்ற தசைநார்ப் பட்டை. ரெண்டு எலும்பும் சேர்ற கோட்டுல, உள்பக்கம் காட்டினா நடுவுல குஷன் மாதிரி இருக்கிற ஜவ்வைப் பத்தி யோசிக்கணும்.

ரெண்டு, ஜூன் மாசத்துலேர்ந்து வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீங்க? நினைவுலேர்ந்து சொல்ல வேண்டாம், போன்ல இருக்கும், பார்த்துச் சொல்லுங்க.

மூணு, ஓட்டத்தை விடுங்க. ஒரு சாதாரண நாள்ல எத்தனை படி இறங்குறீங்க? எண்ணிப் பாருங்க.


மந்தைவெளி_ஓட்டம் | செப்டம்பர் 13, இரவு 10.20

பழைய ராக்கெட் சார், டெய்லர் கதையைப் படிச்சுட்டு நானும் இஞ்சு டேப்பை எடுத்தேன். சில்லுக்கு மேல நாலு விரல் விட்டு அளந்தா வலது கால் ஒன்றரை சென்டிமீட்டர் கம்மி. எனக்கே நம்பிக்கை இல்லாம பொண்ணை விட்டு ரெண்டு தடவை அளந்தேன்.

பிசியோ சார், விரல் வெச்சா இடம் சிக்கலை. உள்ளங்கையைத்தான் சில்லு மேல வெக்க வருது.

கிலோமீட்டர்: ஜூன்ல வாரம் 16. ஜூலை நடுவுல 20. பேர் கொடுத்த உற்சாகத்துல ஆகஸ்ட் முதல் வாரம் 31. அதாவது திருப்பதியிலேர்ந்து வந்த மறு வாரமே 31. நானே இப்பத்தான் பார்க்கறேன்.

மூணாவது கேள்விதான் என்னை உட்கார வெச்சிடுச்சு. எங்க கணக்குப் பிரிவு பள்ளிக்கூடத்துல மேல் மாடி. கையெழுத்துக்கு, செக்குக்கு, ஃபீஸ் கட்ட வந்த பெத்தவங்களைப் பார்க்கன்னு தலைமையாசிரியர் அறைக்குக் கீழே போய்ட்டே இருப்பேன். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஒரு துண்டுச் சீட்டுல கோடு போட்டு எண்ணினேன். சராசரி ஒரு நாளைக்கு 11 தடவை, தடவைக்கு 44 படி. 484. ஆறு நாளைக்கு 2,904. வீட்டுல 36 படி, கறிகாய், பால், குப்பை, நடுவுல ஒரு தடவைன்னு நாலு நடை. வாரத்துக்கு 1,008. கூட்டினா 3,912.

திருப்பதி 3,550. நான் வாரத்துக்கு ஒரு திருப்பதி இறங்கிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை இறங்கின திருப்பதி மேல பழி போட்டிருக்கேன்.

இதுல தண்ணி கேனைச் சேர்க்கலை. ரெண்டு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன். போடுற தம்பி கீழே மீட்டர் பெட்டி பக்கத்துலயே வெச்சுட்டுப் போயிடுவான், நான்தான் இடுப்புல வெச்சு ரெண்டு மாடி தூக்குவேன். என் எடை 71. கேனோட 91.


சமையல்கட்டு_திருவான்மியூர் | செப்டம்பர் 14, காலை 11.00

சிஸ்டர், முடவாட்டுக்கால் நிறுத்தாதீங்க. கூடவே வாரத்துல ரெண்டு நாள் முடக்கத்தான் கீரை தோசை, ஒரு நாள் பிரண்டைத் துவையல். பிரண்டையை நல்லெண்ணெயில நல்லா வதக்கணும், இல்லைன்னா நாக்கு அரிக்கும். எங்க அம்மா 78 வயசுல பாம்பன் சுவாமி கோயில் வரைக்கும் நடந்தே போறாங்க.


போரூர்_பிசியோ | செப்டம்பர் 14, இரவு 8.45

பிரண்டைத் துவையலுக்கு நான் எதிரி இல்லை, வாரத்துக்கு ஒரு தடவை எங்க வீட்டுலயும் உண்டு. ஆனா அது தொடைக்குப் பலம் ஏத்தாது. அதை நாமதான் ஏத்தணும்.

மேடம், அந்த 3,912 கணக்கு மாதிரி ஒண்ணை எந்த நோயாளியும் இதுவரைக்கும் எனக்குக் கொடுத்தது இல்லை. கணக்குப் பிரிவுன்னா கணக்குப் பிரிவுதான்.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். சில்லு, தொடை எலும்பு மேல இருக்கிற பள்ளத்துல மேலயும் கீழயும் வழுக்கிப் போகுது. முட்டி மடங்க மடங்க அதை எலும்போட சேர்த்து அழுத்துற விசை கூடும். படி இறங்கும்போது ஒரு கால் கீழே போற வரைக்கும் மேல இருக்கிற கால் மடங்கிய நிலையில உங்க மொத்த எடையையும் பிடிச்சு மெதுவா இறக்குது. வண்டியில பிரேக்கை அழுத்திக்கிட்டே கத்திப்பாரா மேம்பாலம் இறங்குற மாதிரி. அந்த பிரேக் தொடையோட முன்தசை. அது இளைச்சிருக்கு, வேலை மட்டும் இரட்டிப்பாயிருக்கு. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தா வலிக்கிறதும் இதே கதைதான். நீங்க சொன்ன அறிகுறி எல்லாமே சில்லுக்குப் பின்னாடி வர்ற வலிக்குப் பொருந்துது. ஓடுறவங்ககிட்ட நாங்க ரொம்ப அதிகமா பார்க்கிறது இதுதான்.

எக்ஸ்ரே பயத்தைப் பத்தி. 40 தாண்டினவங்கள்ல முட்டி வலியே இல்லாத ஆளுங்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் 19 முதல் 43 சதவீதம் பேருக்குத் தேய்மான அடையாளம் இருக்குன்னு 2019-ல வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லுது. முடி நரைக்கிற மாதிரி. எக்ஸ்ரேயில இருக்கிறதெல்லாம் வலிக்குக் காரணம்னு அர்த்தம் இல்லை. ஓடினா முட்டி தேஞ்சிடும்ங்கறதுக்கும் ஒண்ணு சொல்றேன். 2017-ல இன்னொரு தொகுப்பாய்வு: இடுப்பு, முட்டித் தேய்மானம் பொழுதுபோக்கா ஓடுறவங்கள்ல 3.5 சதவீதம், ஓடாம உட்கார்ந்திருக்கிறவங்கள்ல 10.2 சதவீதம். போட்டிக்குன்னு வெறியா ஓடுற தொழில்முறை ஆளுங்கள்ல 13.3. ஓடினதாலதான் குறைஞ்சதுன்னு இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா "ஓடாதே"ன்னு விரட்ட இந்தக் கணக்குல இடம் இல்லை.

இப்ப செய்ய வேண்டியது. ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், சுருக்குங்க. வாரம் மூணு நாள், நாளுக்கு 3 கிலோமீட்டர், சமதளம். வலிக்கு பத்துக்கு எத்தனைன்னு நீங்களே மார்க் போடுங்க. ஓடும்போது 3 வரைக்கும் பரவாயில்லை. மறுநாள் காலையில முதல் படி இறங்கும்போது வழக்கத்தைவிடக் கூட இருந்தா, முந்தின நாள் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். குறைச்சுக்குங்க. கூடலைன்னா அடுத்த வாரம் கொஞ்சம் ஏத்துங்க.

ஒரு நிமிஷத்துக்கு உங்க கால் எத்தனை தடவை தரையில படுதுன்னு எண்ணிச் சொல்லுங்க. 155 பக்கம் இருக்கும்னு நினைக்கிறேன். அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டினா அடி குட்டையாகும், கால் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் விழாது, முட்டிக்குப் போற அடி குறையும். வேகம் அதே, அடி மட்டும் பொடி.

பயிற்சி வாரம் மூணு நாள் போதும், தினமும் வேண்டாம். தசை தேற நடுவுல நாள் வேணும். ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்குறது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குறது, நாற்காலியில கையை ஊணாம உட்கார்ந்து எழறது, சுவர்ல முதுகைச் சாய்ச்சு அரைகுறையா உட்கார்ந்து நிக்கிறது. ரொம்பக் கீழே போக வேண்டாம், வலி வர்றதுக்கு முன்னாடி நில்லுங்க.

எல்லாத்தையும்விட முக்கியமானது மணை. வீட்டுல பூஜைக்குப் போடுற மரமணை இருக்கும்ல? மூணு இஞ்ச் உயரம் இருந்தாப் போதும். சுவரோரமா போட்டு அது மேல வலது கால்ல நில்லுங்க. இடது குதிகால் தரையைத் தொடுற வரைக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி மெதுவா இறங்குங்க. தொட்டதும் பாரத்தைப் போடாம மேல வாங்க. எட்டு தடவை, மூணு சுத்து. முன்னாடி நின்னு பொண்ணை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. முட்டி கால் விரலுக்கு நேரா போகணும், கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாயக் கூடாது. பெரும்பாலும் சாயும். அதுதான் நாம திருத்தப்போறது.

ஜிம் மெஷினை இப்போதைக்கு விட்டுடுங்க. அந்தப் பையன் சொன்னதுல தப்பு பாதிதான். தொடை வீக், உண்மை. ஆனா படி இறங்குறதுக்கு நேர்மாறா, அந்த மெஷின்ல கால் பாதிக்கு மேல நீளும்போதுதான் சில்லுக்கு அழுத்தம் எகிறும். செய்யணும்னா முட்டி செங்கோணத்துலேர்ந்து பாதி வரைக்கும் மட்டும் நீட்டணும்.

ரெண்டு எச்சரிக்கை. வலி மாத்திரை போட்டுட்டு ஓடாதீங்க. நம்ம ஊர் வெயில்ல உடம்புல தண்ணி வத்திப் போற நேரத்துல அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குக் கெடுதல், அது போக வலியோட மார்க்கும் பொய்யாயிடும். அப்புறம், முட்டி வீங்கினா, சூடாகிக் காய்ச்சலோட வலிச்சா, பூட்டிக்கிட்டா, பாரம் தாங்காம மடங்கினா இந்தப் பக்கமே வராதீங்க, நேரா டாக்டர்.

ஆறு வாரத்துல வித்தியாசம் தெரியணும். முழுசா சரியாக மூணு மாசம் வெச்சுக்குங்க. நீ-கேப் போட்டா இதமா இருந்தா போட்டுக்குங்க, அவ்வளவுதான் அதோட வேலை.


மந்தைவெளி_ஓட்டம் | செப்டம்பர் 16, இரவு 9.15

156. நீங்க சொன்ன 155-க்கு ஒண்ணு கூட!

வீடியோ எடுத்தோம். பார்க்கவே வெக்கமா இருந்தது. மணையிலேர்ந்து இறங்கும்போது முட்டி, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ரகசியம் சொல்லப் போற மாதிரி உள்பக்கம் சாயுது. இடது கால் நேரா போகுது. பொண்ணு அதை மெதுவா ஓடவிட்டு ஓடவிட்டுக் காட்டினா. "அம்மா, உன் இடுப்பே ஒரு பக்கம் தொங்குது பாரு."

இன்னொரு சந்தேகம். நவராத்திரி வருது. ஒன்பது நாளும் வீடு வீடா போய்த் தரையில உட்காரணும், சுண்டல் வாங்கணும், எழணும். உட்காரலாமா?


போரூர்_பிசியோ | செப்டம்பர் 16, இரவு 9.50

உட்காருங்க. சம்மணம் போடறது குத்தம் இல்லை. ஒரே நிலையில அரை மணி நேரம் இருக்காம, நடுவுல காலை நீட்டுங்க. எழும்போது ஒரு கையை ஊணுங்க. சுண்டல்ல புரதம் இருக்கு, ரெண்டு பொட்டலமா வாங்கிக்குங்க.


பாக்ஸ்_பெரம்பூர் | அக்டோபர் 12, இரவு 11.30

யாராவது முழிச்சிருக்கீங்களா. இன்னிக்கு சாயந்தரம் டர்ஃப்ல பந்தைத் துரத்திட்டுப் போய் திரும்பினேன், ஷூ அந்த செயற்கைப் புல்லுல மாட்டிக்கிச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. முட்டிக்குள்ள டப்புனு சத்தம், பக்கத்துல நின்னவனுக்கே கேட்டுச்சாம். ரெண்டு மணி நேரத்துல முட்டி தேங்கா சைஸ் ஆயிடுச்சு. ஃப்ரெண்ட்ஸ் ஒரு எடத்துக்கு இட்டுக்கினு போனானுங்க, எண்ணெய் போட்டு நல்லா நீவி இழுத்து மூங்கில் பட்டை வெச்சுக் கட்டுனாங்க. உயிர் போய் வந்துச்சு. "பிசகு, மூணு கட்டுல சரியாயிடும்"ன்றாங்க. அக்கா பண்ற மணை பயிற்சி நானும் ஆரம்பிக்கட்டா?


போரூர்_பிசியோ | அக்டோபர் 12, இரவு 11.45

தம்பி, வேண்டாம். மணை, நீவல், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். சத்தம் கேட்டு, ரெண்டு மணி நேரத்துல வீங்கினா உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்குன்னு எடுத்துக்கணும். ரெண்டு எலும்பையும் பிடிச்சுக் கட்டியிருக்கிற முன்பக்க ஜவ்வு கிழிஞ்சிருக்கலாம், எலும்பும் விரிசல் விட்டிருக்கலாம். கட்டு ரொம்ப இறுக்கமா இருந்தா இப்பவே தளர்த்து, கால் விரல் சில்லிடுதா, மரத்துப்போகுதான்னு பாரு. அப்படி இருந்தா இந்த ராத்திரியே கிளம்பு. இல்லைன்னா காலைத் தலையணை மேல தூக்கி வெச்சு, துணியில சுத்தி ஐஸ் ஒத்தடம் கொடு, அந்தக் கால்ல பாரம் போடாதே. காலையில முதல் வேலையா எலும்பு டாக்டர். காசு யோசனைன்னா சென்ட்ரல் எதிர்ல ஜிஎச் இருக்கு, எலும்பு பிரிவு புறநோயாளி சீட்டு போடு. பார்த்துட்டு எழுது.


பாக்ஸ்_பெரம்பூர் | அக்டோபர் 24, மாலை 5.10

ஜிஎச் போனேன் சார். எக்ஸ்ரேல எலும்பு ஓகே. எம்ஆர்ஐல முன் ஜவ்வு முழுசா அறுந்திருக்கு, பக்கத்து ஜவ்வும் கொஞ்சம் கிழிசல். வீக்கம் வத்தி கால் முழுசா நீட்ட வரட்டும், அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்னாங்க. பொங்கல் டோர்னமெண்ட் ஆடலாமான்னு கேட்டேன், டாக்டர் சிரிச்சிட்டாரு.


பழைய_ராக்கெட் | அக்டோபர் 24, இரவு 7.00

தம்பி, ஆபரேஷன் ஆனாலும் ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்காதே. அவசரப்பட்டு இறங்கித் திரும்பவும் அதே ஜவ்வை அறுத்துக்கொண்டவர்களை எங்கள் கிளப்பிலேயே பார்த்திருக்கிறேன். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் முட்டி விட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். 2018-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம். நடுவில் இருந்த அந்த மாதங்களை யாரும் டிவியில் காட்டவில்லை. ஸ்கோர் எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை நுங்கம்பாக்கம் வா, காபி என் செலவு.


மந்தைவெளி_ஓட்டம் | நவம்பர் 2, காலை 7.30

ஏழு வாரக் கணக்கு. தம்பி, முதல்ல உனக்கு: நொண்டிக்கிட்டாவது அந்தக் காபியைக் குடிச்சுட்டு வா.

முதல் ரெண்டு வாரம் எதுவும் மாறலை, அழுகையே வந்தது. மூணாவது வாரம் ஒரு நாள் குப்பை வாளியோட இறங்கிட்டு, கீழே போனப்புறம்தான் கைப்பிடியைப் பிடிக்கலைங்கறதே உறைச்சது. இப்ப படி இறங்கினா பத்துக்கு ஒண்ணு, சில நாள் ரெண்டு. மணை முடிஞ்சு மாடிப்படிக்கு வந்துட்டேன், ஆறரை இஞ்ச். வீடியோவுல முட்டி நேரா போகுது, களைச்சுப் போற கடைசி ரெண்டு தடவை மட்டும் உள்ளே எட்டிப் பார்க்குது. அடி நிமிஷத்துக்கு 166. முதல் வாரம் கோழிக்குஞ்சு மாதிரி ஓடறேன்னு பொண்ணு கேலி பண்ணினா.

ஆபீஸ்ல செய்த ஒரே மாற்றம், கையெழுத்துக் கோப்பையெல்லாம் ஒரு ட்ரேயில சேர்த்து வெச்சு ஒரு நாளைக்கு மூணே தடவை கீழே போறேன். தலைமையாசிரியர் முதல்ல முகம் சுளிச்சார், இப்ப அவருக்கே அது வசதியாயிடுச்சு. தண்ணி கேன் தம்பிக்கு மாடிக்குத் தூக்கி வர கேனுக்கு 10 ரூபாய் கூட. இதை ஆறு வருஷமா ஏன் செய்யலைன்னு வீட்டுக்காரர் கேக்கறார். அவர் ஏன் தூக்கலைன்னு நான் கேட்டேன். பேச்சு அத்தோட முடிஞ்சது.

வாரம் 18 கிலோமீட்டர் வந்திருக்கு. மழை ஆரம்பிச்சாச்சு, பீச் ரோடெல்லாம் தண்ணி. ஓட முடியாத நாள்ல ஜிம் சைக்கிள், சீட்டை நல்லா உயர்த்தி.


மந்தைவெளி_ஓட்டம் | ஜனவரி, ஓட்டம் முடிஞ்ச அன்னிக்கு சாயந்தரம்

டிசம்பர்ல மழையும் சளியும் ரெண்டு வாரத்தைத் தின்னுடுச்சு, பயிற்சியில அதிகபட்சம் 15 கிலோமீட்டர்தான் போக முடிஞ்சது. பிசியோ சார் தனியா சொன்னபடி 9 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடைன்னு முதல் கிலோமீட்டர்லேர்ந்தே வெச்சுக்கிட்டேன். என்னைத் தாண்டிப் போனவங்க எல்லாரும் பாவமா பார்த்தாங்க. 17-வது கிலோமீட்டர்ல அதுல பாதிப் பேரைத் திரும்பப் பார்த்தேன். 2 மணி 58 நிமிஷம். முட்டி அந்த இடத்துல பத்துக்கு ரெண்டு, அதுக்கு மேல போகலை. மார்கழி முழுக்க வாசல்ல குந்தி உட்கார்ந்துதான் கோலம் போட்டேன், போன ஆடியில அது நடக்காத காரியம்.

முருகனுக்கு ரெண்டாவது மெடல் போயாச்சு.

முட்டி தேவலை. ஆனா வலது கால் கட்டைவிரல் நகம் முழுசா கறுத்துப் போச்சு, தொட்டா ஆடுது. இதை இங்கேயே கேக்கலாமா, புதுசா ஒரு கேள்வி போடணுமா?